மிச்சப் பலகையில் செய்த கருவித் தாங்கி: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அலமாரி வேலையில் மிஞ்சிய 18 மி.மீ. பிளைவுட் துண்டு, சரக்கு அடுக்கும் மரத்தட்டிலிருந்து கழற்றிய இரண்டு ரீப்பர்கள் (நீளமான மெல்லிய மரச்சட்டங்கள்), பிவிசி குழாயின் வெட்டுத் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வேலை மேசைக்கு மேலே ஒரு கருவித் தாங்கியைச் செய்து மாட்டினேன். செய்த விதத்தைவிட, அன்றாடப் புழக்கத்தில் அது எங்கெல்லாம் தோற்றது என்பதே சொல்லத் தக்கதாகத் தோன்றுகிறது.

சரக்குத் தட்டு மரத்தை எடுக்குமுன் அதன் முத்திரையைப் பார்த்துவிடுவது நல்லது. 'எச்.டி.' என்றிருந்தால், மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள், 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப் பூச்சிக்கொல்லி வாயுவால் புகையூட்டப்பட்ட மரம் என்பதால் அதை நான் தொடுவதில்லை.

திருப்புளிகளுக்காக ரீப்பரில் வரிசையாகத் துளையிட்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் கம்பி முழுவதும் வெளிவரும்வரை மேலே தூக்க வேண்டியிருந்ததால், ஆறே மாதத்தில் பொறுமையிழந்து, முன்விளிம்பிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் ரம்பத்தால் வழி அறுத்துவிட்டேன். கருவியைச் சற்றே தூக்கி முன்னால் இழுத்தால் போதும் என்றானது மிக வசதியாக இருந்தது. ஆனால் மரத்தின் நார் ரீப்பரின் நீளவாக்கில் ஓடுவதால், அறுத்த வழிகளுக்கு இடையே நின்ற பற்களில் நார் மிகக் குட்டையாகி, கை பட்டதற்கே இரண்டு பற்கள் ஒடிந்து விழுந்தன. பின்னர் அதே வடிவத்தைப் பிளைவுட் பட்டையில் வெட்டினேன். அடுக்குகளின் நார் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் இன்றுவரை ஒரு பல்கூட ஒடியவில்லை. வழியின் அகலம் கம்பியைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகவும், துளையின் வாய் சற்றுக் குழிந்தும் இருந்தால், கைப்பிடி அதில் அமர்ந்துகொள்ளும். இடித்தாலும் முன்னால் வழுக்கி விழாது.

குறடுகள் குழாய்த் துண்டுகளில் நிற்கின்றன. முதலில் ஒவ்வொன்றையும் ஒரே ஸ்க்ரூவால் பொருத்தியது என் சோம்பேறித்தனம். எடை ஒருபக்கம் சாய்ந்து எல்லாமே கடிகார முள்போலத் திரும்பிக்கொண்டன. கீழே இன்னொரு ஸ்க்ரூ போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. குழாயின் அடியை மூடாமல் விட்டதைச் சரியான முடிவு என்றே சொல்வேன். சோதனைக்காக மூடி வைத்த ஒன்றில் மரத்தூள் தேங்கி, ஈரத்தை உறிஞ்சி, உளியின் முனையில் துரு பிடித்தது. இப்போது உளிகளுக்கு அடி திறந்த குழாய்தான். கூர்முனை குழாய்க்கு வெளியே வராத அளவுக்கு நீளமாக வெட்டியிருக்கிறேன்.

பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைச் சிறு பிட்டுகளுக்காக (மாற்றிப் பொருத்தும் திருப்புளி முனைகள்) ஒட்டியதை ஓராண்டிலேயே கழற்றினேன். இரும்புத்தூள் முழுவதும் அதில் மொய்த்தது. துடைத்தெடுப்பதே தனி வேலையாயிற்று.

சுவரில் நேரடியாக அறையாமல், 45 பாகைச் சாய்வில் அறுத்த இரண்டு பட்டைகளில் ஒன்றைச் சுவரிலும் மற்றதைத் தாங்கியின் முதுகிலும் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்று கொக்கிபோல் அமரச் செய்திருந்தேன். மேலே சொன்ன திருத்தங்களையெல்லாம் தாங்கியை அப்படியே தூக்கி மேசைமேல் கிடத்திச் செய்ய முடிந்தது அதனால்தான்.

இன்னும் திருத்தாத பிழை ஒன்றுண்டு: இடைவெளிகளைக் கருவியின் பருமனைப் பார்த்து அளந்துவிட்டேன், விரல்கள் நுழைய இடம் விடவில்லை. பக்கத்துத் திருப்புளியையும் சேர்த்தே இழுத்துக்கொண்டிருக்கிறேன்.