காது மிஷின் வாங்கி எட்டு மாதம்: பழைய ஏ.என்-32 லோட்மாஸ்டர் ஒருவனின் ரிவ்யூ

ஜோடி 72,000 ரூபாய். காதுக்குப் பின்னால் உட்காரும் வகை, மெல்லிய ஒயர் வழியாகக் குட்டி ஸ்பீக்கர் காதுக்குள் போகும், 312 நம்பர் பேட்டரி. கம்பெனி பெயரை எழுதவில்லை. குறை சொல்லப் போகிறேன், விசாரித்த வரையில் அந்தக் குறைகள் இந்த விலையில் கிடைக்கும் மிஷின்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொது. எட்டு மாதம் தினமும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் காது எப்படிப் போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இந்த ரிவ்யூ உங்களுக்குப் பயன்படுமா இல்லையா என்று தெரியும். வயசாகி மங்கின காதும் சத்தத்தில் அடிபட்ட காதும் ஒன்றில்லை.

1986-லிருந்து 2003 வரை விமானப்படையில் ஏ.என்-32 சரக்கு விமானத்தில் லோட்மாஸ்டராக, அதாவது சரக்கை ஏற்றி இறக்கும் பொறுப்பில், இருந்தேன், பெரும்பாலும் சண்டிகரில். லடாக்கில் இருக்கும் லே மாதிரி காற்று மெலிந்த இடங்களுக்குப் போவதற்கென்றே, நம் விமானப்படைக்காக, ஏ.என்-26-ஐத் திருத்திச் செய்த விமானம் அது. இறக்கைக்கு மேலே தூக்கி வைத்த இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றும் ஐயாயிரம் குதிரைத்திறனுக்கு மேல். பைலட்டுகள் முன்னால் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். லோட்மாஸ்டர் சரக்கோடு சரக்காக இந்தப் பக்கம். மிக்ஸி ஜாருக்குள் சட்னியோடு உட்கார்ந்து போவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் நாளுக்கு இரண்டு மூன்று தடவை.

விடியும் முன்பே கிளம்பிவிடுவோம். மதியத்துக்கு மேல் லேயில் காற்று கிளம்பும், அதற்குள் போய் இறக்கித் திரும்ப வேண்டும். ஓடுதளம் 10,600 அடி உயரத்துக்கும் மேலே. அங்கே எஞ்சினை அணைக்க மாட்டார்கள், குளிரிலும் அந்த உயரத்திலும் மறுபடி கிளம்பாமல் மக்கர் செய்தால் அன்றைய நாள் போச்சு. அதனால் இரண்டு எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்கதவை இறக்கி மண்ணெண்ணெய் ஜெரிகேன், மாவு மூட்டை, முட்டைப் பெட்டி எல்லாம் இறக்குவோம். சில நாள் ஆடுகள், உயிரோடு. ஆடு கத்துவது வாயசைவில் தெரியும், சத்தம் வராது. அந்தக் காட்சி மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

சியாச்சின் பக்கம் பாராசூட்டில் சரக்கு போடுவது வேறு மாதிரி. பறக்கும்போதே பின்கதவு திறந்திருக்கும், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், உறைக்குள்ளேயே விரல் மரத்துப்போகும். பச்சை விளக்கு எரியும், மணியும் அடிக்கும். மணியை நான் நம்பினதே கிடையாது, கண் விளக்கிலேயே இருக்கும். பைலட் மூக்கைக் கொஞ்சம் தூக்குவார், பூட்டை விடுவிப்போம், ரோலர் மேல் இருக்கிற சரக்கு தன் எடையிலேயே உருண்டு வெளியே போய்விடும், நாலைந்து நொடிதான், அதற்குள் ஏதாவது சிக்கினால் கையால்தான் சைகை. எங்களுக்கென்று ஒரு கை பாஷையே இருந்தது. ஹெட்செட் கொடுத்திருந்தார்கள், காது மூடியும் கொடுத்திருந்தார்கள். ஹெட்செட் ஒயர் மூட்டையில் மாட்டும், அதனால் கழற்றி வைத்துவிட்டுப் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். அது என் கொழுப்பு, யாரையும் குறை சொல்ல முடியாது.

சரி, பரிசோதனைக்கு வருவோம். இருட்டறை மாதிரி ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று கோடாக வரும் படத்தைப் பரிசோதித்த பெண் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “மில்லுல வேலை பார்த்தீங்களா சார்?” கோயம்புத்தூர் அல்லவா, தறிச் சத்தத்தில் காது போனவர்கள் நிறையப் பேர் வருவார்களாம். தடித்த சத்தங்கள் எல்லாம் எனக்கு ஓரளவு சரியாகவே கேட்கிறது. கோடு நேராகப் போய், கீச்சுச் சத்தங்கள் இருக்கும் 4000 ஹெர்ட்ஸ் கிட்டே கிணறு மாதிரி விழுந்திருந்தது. இரைச்சலில் அடிபட்ட காதுக்கு அதுதான் கைரேகை என்றார்.

கிணறு விழுந்தால் என்ன ஆகும்? ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்று விளங்காது. ‘ஆ’, ‘ஊ’ எல்லாம் வந்துவிடும், ‘ச’வும் ‘த’வும் காணாமல் போகும். என் மனைவி மூன்று வருஷமாக “காது, காது” என்று சொன்னதை நான் “காசு, காசு” என்று கேட்டுக்கொண்டு, பென்ஷன் வந்ததும் மொத்தமாக எடுத்துக் கொடுத்துவிட்டு நல்ல பெயருக்குக் காத்திருந்தேன்.

கல்யாண வீடுகளில் இன்னும் மோசம். 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் ஐந்து ஏ.என்-32 பறந்து நிவாரணப் பொருள் போட்டன, மிராஜ் போர் விமானங்கள் துணைக்குப் போயின. நான் அதில் இல்லை, அன்று சண்டிகரில் இருந்தேன். ஆனால் ஏ.என்-32 என்றாலே சொந்தக்காரர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். நான் பாதி கேட்காமல் தலையாட்டி வைக்க, இன்றைக்குப் பாதிச் சொந்தம் நான்தான் யாழ்ப்பாணத்தில் அரிசி போட்டேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. திருத்தலாம் என்றால் அவர்கள் திருப்பிக் கேட்பது எனக்குக் கேட்க வேண்டும்.

அப்போதும் மிஷின் வாங்கத் தோன்றவில்லை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன ஏ.என்-32 வங்கக்கடல் மேல் காணாமல் போனது, 29 பேர். சூலூர் ஸ்குவாட்ரன் விமானம். நான் இருப்பது சூலூர் பக்கம்தான், பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். யார் யார் போனார்கள் என்று பெயர் சொல்கிறார்கள், எனக்குப் பாதி எழுத்து விழவில்லை. போனை மனைவியிடம் கொடுத்து, அவள் கேட்டுக் காகிதத்தில் எழுதி, அதை நான் படித்தேன். அன்றைக்கு முடிவு செய்தது, வாங்குவதற்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது, என் சோம்பேறித்தனம். (அந்த விமானத்தின் சிதறல்கள் 2024 ஜனவரியில்தான் 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். அந்தச் செய்தியையும் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், டிவியில் காதில் விழவில்லை.)

இப்போது மிஷின். முதல் வாரம் கொடுமை. எவர்சில்வர் தட்டை மேடையில் வைத்தால் மண்டைக்குள் அடிக்கிறது, செய்தித்தாள் புரட்டுவது பட்டாசு மாதிரி. மூளைக்குப் பழக மூன்று நாலு வாரம் ஆகும் என்றார்கள், எனக்கு ஆறு வாரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை போய் கம்ப்யூட்டரில் மாட்டிச் சரி செய்துகொண்டேன். இந்தச் சரி செய்யும் வேலைதான் பாதி மிஷின், கடையை முடிவு செய்யும் முன் அது எத்தனை தடவை இலவசம் என்று கேட்டுவிடுங்கள். நான் முதலில் போன வேறொரு கடையில் பரிசோதனையே செய்யாமல் இரண்டு லட்சம் ரூபாய் மிஷினைக் காட்டினார்கள், வந்த வழியே திரும்பிவிட்டேன்.

பேட்டரி ஆறேழு நாள் வருகிறது. பழுப்பு ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடாமல் அஞ்சு நிமிஷம் காற்றாட வைத்தால் நன்றாக வேலை செய்கிறது. தலையணையில் ஒருக்களித்தால் கீச்சென்று கத்தும். ஸ்கூட்டரில் காற்று இரைச்சல் தாங்காது, ஹெல்மெட்டைக் கழற்றும்போது மிஷினும் சேர்ந்து வந்துவிடும், ஒரு தடவை சிங்காநல்லூர் சிக்னலில் குனிந்து தேடினேன். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் பக்கத்து ஆள் பேச்சும் கலந்து கூழாகிறது, அங்கே இன்னும் தலையாட்டல்தான். ஆனால் வீட்டுக்குள், நேருக்கு நேர், பிரமாதம். ‘ச’ திரும்பி வந்துவிட்டது. மனைவி சமையலறையிலிருந்து பேசினாலும் விளங்குகிறது. கை சைகையை மட்டும் அவள் விடவில்லை, முப்பது வருஷப் பழக்கம்.

ஒரு விஷயம் கடையில் யாரும் சொல்லாதது. ஒரே சீராக வரும் சத்தத்தை இந்த மிஷின் இரைச்சல் என்று முடிவு செய்து தானாகவே அமுக்கிவிடும். ஃபேன், ஏசிக்கு நல்லதுதான். ஒரு நாள் காலையில் மொட்டை மாடியில் இருந்தேன், சூலூரிலிருந்து ஏ.என்-32 ஒன்று எழும்பி வீட்டு மேலேயே போகிறது. கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் இரண்டு நொடி வந்தது, பிறகு போர்வை போட்டு மூடினது மாதிரி அடங்கிவிட்டது. மிஷின் அதை ஃபேன் கணக்கில் சேர்த்துவிட்டது. இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அது மலைப்பக்கம் திரும்பும் வரைக்கும் நின்று கேட்டேன்.

அடுத்த தடவை போனபோது, இரைச்சலை அமுக்காத இரண்டாவது புரோகிராம் ஒன்று பட்டனில் வைத்துத் தரச் சொன்னேன். எதுக்கு சார் என்று கேட்டார் அந்தப் பெண். பாட்டு கேட்க என்று சொல்லிவிட்டேன்.

ஐந்துக்கு மூன்றரை. ஹெல்மெட்டுக்கு அரை குறைத்தேன், மண்டபத்துக்கு ஒன்று.