தவில்காரரின் காதுக்கு அளவெடுத்த இயர்பிளக்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

தவில் வாசிப்பவர் காதை அடைத்துக்கொள்ளலாமா என்று பெங்களூரு மேளக்காரர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். கட்டாயம் அடைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் பதில். காதுக்கு அளவெடுத்துச் செய்த, சத்தத்தை 15 டெசிபல் குறைக்கும் ஃபில்டர் பொருத்திய இயர்பிளக்கைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். மல்லேசுவரம், ஜயநகர் கல்யாண மண்டபங்கள், அல்சூர் கோயில் புறப்பாடு, வீட்டுச் சாதகம் என்று எல்லா இடத்திலும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடக் கூட, இருக்கக்கூடிய நேரம் பாதி பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். கருங்கல் தரை, வெற்றுச் சுவர், பக்கத்தில் இரண்டாவது தவில், காதருகே ஜால்ராத் தாளம் என்று உட்கார்ந்தால் கெட்டிமேளத்தில் என் கைபேசிச் செயலி 100-ஐ எளிதாகத் தாண்டுகிறது. கைபேசி அளவு துல்லியமானதல்ல. ஆனாலும் எச்சரிக்கைக்குப் போதும். அந்த 100-இல் 15 குறைந்தால் மறுபடி 85. முகூர்த்தம் முழுக்க வாசிக்கலாம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற ஃபோம் அடைப்பான் நமக்கு உதவாது. அது கீழ் ஒலியைவிட மேல் ஒலியை அதிகமாக விழுங்கும். கழியால் அடிக்கும் இடப் பக்கமான தொப்பியின் அதிர்வு கேட்கும். வலப் பக்கமான வலந்தலையில் கூடு (விரலுறை) போட்ட விரல்கள் விழும் தெளிவு போய்விடும். நாகஸ்வரத்தின் பிருகா (வேகமான ஸ்வர ஓட்டம்) மங்கிவிடும். திறந்த காதின் துவாரம் 2,700 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கிறது. துவாரத்தை அடைத்ததும் அந்தத் தூக்கல் போய்விடுகிறது. இசைக்கலைஞர்களுக்கான ஃபில்டர் அதை ஈடுகட்டி, எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கிறது. சத்தம்தான் குறைகிறதே தவிர, நாதம் மாறுவதில்லை.

அளவெடுக்கும்போது கவனமாக இருங்கள். ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, நூல் கட்டிய சிறு பஞ்சை உள்ளே ஆழமாக வைத்து, குழைந்த சிலிக்கோனைப் பிழிந்து நிரப்புவார். சில்லென்று இறங்கும், அந்தப் பக்கம் உலகமே அடங்கிவிடும். இறுகும் வரை சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இந்த அச்சை வைத்துத்தான் காதுக்குள் உட்காரும் வார்ப்பைச் செய்கிறார்கள். தாடை அசைந்தால் காதுத் துவாரத்தின் வடிவமும் மாறும். வெற்றிலை மெல்கிறவர்கள், சொல்லுக்கட்டு (தாளச் சொற்கள்) சொல்கிறவர்கள், வாய்ப்பாட்டுக்காரர்கள் எல்லாரும் வாயைத் திறந்தபடி அளவெடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வாசிப்பின் நடுவே இடைவெளி விழுந்து சத்தம் உள்ளே நுழையும்.

பழகுவதற்குச் சில வாரம் பிடிக்கும். சொந்தத் தவில் அடங்கிக் கேட்பதால் கை தானாகவே பலமாக விழப் பார்க்கும். கழி பிடிக்கும் மணிக்கட்டு வலித்தால் அதுதான் காரணம். சொல்லுக்கட்டு சொல்லும்போது என் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது; இது இன்றுவரை தீரவில்லை. துவாரத்தின் எலும்புப் பகுதி வரை ஆழமாக இறங்கும் வார்ப்பில் இந்தத் தொல்லை குறைவு.

நாகஸ்வரக்காரர்களுக்கு இதுவே பெரிய சிக்கல். வாயில் வைத்து ஊதும் சீவாளியின் அதிர்வு பல்லும் எலும்பும் வழியாகக் காதுக்குள் ஏறுகிறது. நான் சேர்ந்து வாசிக்கும் அண்ணா போட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, சுருதியைவிடச் சீவாளிதான் கேட்கிறது” என்று கழற்றிவிட்டார். இப்போது தவில் இருக்கும் பக்கத்துக் காதில் மட்டும் போட்டுக்கொள்கிறார். அரைப் பாதுகாப்புதான் என்றாலும் அவரளவில் அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன்.

தவில்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. தொடக்கத்தில் வாசிக்கும் மல்லாரிக்கு முன்பே போட்டு மங்களம் முடிந்த பிறகே கழற்ற வேண்டும். ஒரே அளவு சத்தத்தில் பாதி நேரம் கழற்றி வைத்தால், 15 டெசிபல் பாதுகாப்பு மொத்தக் கணக்கில் 3 டெசிபலாகச் சுருங்கிவிடும். யாராவது பேச வந்தால் வெளியே போய்க் கழற்றுங்கள்.

பராமரிப்பு எளிது. ஒட்டியிருக்கும் குறும்பியை (காது அழுக்கை) துடைக்க வேண்டும். கழுவுவதானால் ஃபில்டரை எடுத்துவிட்டு வார்ப்பை மட்டும் கழுவ வேண்டும். வருடங்கள் போகப் போகக் காதின் வடிவம் மாறி வார்ப்பு தளரும். அப்போது புதிதாக அளவெடுக்க வேண்டியதுதான்.

இயர்பிளக் மட்டும் போதாத இடங்களும் உண்டு. அல்சூர் பூப்பல்லக்கு ஊர்வலத்தில் ஒலிபெருக்கி வண்டி முதுகுக்குப் பின்னால் வந்தால் 15 ஃபில்டர் திணறுகிறது. மண்டபத்தில் மைக்செட்காரரிடம் முதலிலேயே பேசி, ஒலிபெருக்கிப் பெட்டியை எங்களுக்கு முன்னால், சபையைப் பார்த்து வைக்கச் சொல்கிறேன். செலவில்லாத பாதுகாப்பு அது. பெரும்பாலோர் கேட்கவே கூச்சப்படுகிறார்கள்.

உட்காதின் உணர்செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாக ஆடியோகிராம் என்ற செவித்திறன் வரைபடத்தில் முதலில் தெரியும். நமக்கு அப்போது எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. அதனால் வருடம் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்கிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் செவித்திறன் பிரிவு இருக்கிறது; மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் இருக்கிறது.

வாங்குவதானால் தவிலுக்கு 15 டெசிபல் ஃபில்டர், மிருதங்கத்துக்கும் பாட்டுக்கும் 9. ஊர்வல வாசிப்பு அதிகம் உள்ளவர்கள் 25-ஐயும் சேர்த்து வாங்கலாம். ஒரே வார்ப்பில் ஃபில்டரை மாற்றிப் பொருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அளவெடுக்காமலே கிடைக்கும் மூன்று அடுக்குச் சிலிக்கோன் வகை போதும். விலையும் பல மடங்கு குறைவு, தொலைத்தாலும் கவலையில்லை. என் மாணவர்கள் அதைப் போடாமல் தவிலின் முன் உட்கார நான் விடுவதில்லை.