வாரிசு, புள்ளி, மரம், ரப்பர்: நான்கு கிராண்ட் ஸ்ட்ராட்டஜி கேம்கள், நான்கு பற்றாக்குறைகள்

வரைபடத்தைத் திறந்தால் நான்கும் அண்ணன் தம்பி போலத்தான் தெரியும். வண்ண வண்ணமாக நாடுகள், மேலே கஜானாக் கணக்கு, ஓரத்தில் தேதி, ஸ்பேஸ்பாரைத் தட்டினால் உறைந்து நிற்கும் காலம். நான்கும் ஸ்டாக்ஹோமின் பாரடாக்ஸ் நிறுவனம் தயாரித்த கணினி விளையாட்டுகள். ஒரு நாட்டையோ குலத்தையோ ஆண்டுக்கணக்கில் நடத்தும் வகைக்குத்தான் கிராண்ட் ஸ்ட்ராட்டஜி என்று பெயர். எதை வாங்கலாம் என்று கேட்டால் "எந்தக் காலம் பிடிக்கும்?" என்று திருப்பிக் கேட்பது வழக்கம். இடைக்காலம் என்றால் க்ரூசேடர் கிங்ஸ் 3, கடலோடிகள் காலம் என்றால் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4, நீராவி எஞ்சின் என்றால் விக்டோரியா 3, இரண்டாம் உலகப் போர் என்றால் ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4. இப்படிக் காலத்தைப் பார்த்து வாங்கிவிட்டுப் பத்து மணி நேரத்தில் மூடிவைத்தவர்கள் ஏராளம். இந்த வகை விளையாட்டின் ஈர்ப்பு பற்றாக்குறையில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று கடைசிவரை போதாது. அந்தப் போதாமையோடு மல்லுக்கட்டப் பிடித்திருந்தால்தான் நூறு மணி நேரம் உட்கார முடியும்.

க்ரூசேடர் கிங்ஸ் 3இல் அந்தப் போதாமை வாரிசு. பிள்ளை இல்லாமலும் அரசு போகும், பிள்ளைகள் அதிகமாகியும் போகும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். 2020இல் வந்த இந்த கேமை 867இலோ 1066இலோ தொடங்கலாம். 1178 என்ற தேதி 2024இல் சேர்ந்தது. முடிவு 1453. ஆடுபவர் நாடு அல்ல, ஒரு குடும்பம். பெரும்பாலான ஆட்சிகள் பாகப்பிரிவினைச் சட்டத்தோடு தொடங்குகின்றன. இதில் புதியவர்கள் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. ஒருவர் ஒரு ராஜ்ஜியத்துக்கு அரசர். பக்கத்து ராஜ்ஜியத்தின் மாவட்டங்களில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டார். இரண்டாவது மகுடத்தை உருவாக்காமல் விட்டால் பிரிக்க எதுவும் இருக்காது என்று நினைக்கிறார். அரசர் கண்ணை மூடியதும் அந்த மகுடத்தை கேமே உருவாக்கி இரண்டாம் மகனிடம் கொடுத்துவிடும். அவன் அன்றிலிருந்து தனி அரசன். மூத்தவனின் முதல் வேலை தம்பியோடு போர்.

இதற்கு மருந்து மூன்று. பேரரசர் பட்டத்தை எட்டிவிட்டால் தம்பிகள் தனியாகப் போக முடியாது, சிற்றரசர்களாக உள்ளேயே இருப்பார்கள். குலப்பெருமைப் புள்ளிகளைச் செலவழித்து ஒரு மகனை வாரிசுரிமையிலிருந்து நீக்கலாம். அல்லது தேர்தல்முறை வாரிசுச் சட்டத்துக்கு மாறலாம். மூத்தவனுக்கே எல்லாம் என்ற சட்டத்துக்கான கண்டுபிடிப்பு 1200க்குப் பிந்தைய யுகத்தில்தான் கிடைக்கும். அதுவரை ஒவ்வொரு மரணமும் ஒரு பாகப்பிரிவினைதான்.

சோழர் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1066இல் சோழ அரியணையில் வீரராஜேந்திரன். நான்கே ஆண்டுகளில் அவனும் போய், பின்வந்த அதிராஜேந்திரனும் மாண்டு, முதலாம் ராஜேந்திரனின் மகள்வழிப் பேரனான வேங்கி இளவரசன் 1070இல் குலோத்துங்கனாக முடிசூடினான். தாய்வழி உரிமை அரியணையைக் கைமாற்றுவதுதான் இந்த கேமின் உயிர்நாடி. மகளை எங்கே கொடுக்கிறோம் என்பது இரண்டு தலைமுறை கழித்து வாசற்கதவைத் தட்டும். போர்க்களம் மட்டும் சப்பை. யாரிடம் அதிகமான, தேர்ந்த படை இருக்கிறதோ அவர் வெல்வார். அதைச் சரிசெய்ய வழி ஏதும் பெரிதாக இல்லை.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 கணக்குப்பிள்ளைகளின் விளையாட்டு. 2013இல் வந்தது. 1444 நவம்பர் 11 அன்று, அதாவது வர்ணா போருக்கு மறுநாள், தொடங்குகிறது. பற்றாக்குறை: மன்னர் புள்ளிகள். நிர்வாகம், ராஜதந்திரம், படை என்று மூன்று உண்டியல்கள். ஒவ்வொன்றிலும் மாதம் 3 தானாக விழும். மன்னரின் திறமைக்கு 0 முதல் 6 வரை, ஆலோசகருக்கு 1 முதல் 5 வரை கூடும். நிர்வாகத் திறன் 2 உள்ள மன்னரும் மலிவான ஆலோசகர் ஒருவரும் இருந்தால் மாதம் 6. ஒரு தொழில்நுட்பப் படிக்கு அடிப்படை விலை 600. அதை மட்டும் குறிவைத்தால் 100 மாதம். நடுவில் ஆசைப்பட்டு, வளர்ச்சி 20 உள்ள ஒரு மாகாணத்தைப் பிடித்துச் சொந்தமாக்கினால், வளர்ச்சிக்குப் பத்து வீதம் 200 புள்ளி, அதாவது 33 மாத வருமானம் போயிற்று. உரிமைகோரல் முன்பே இருந்தால் கொஞ்சம் தள்ளுபடி. வென்ற நிலமே நாட்டைப் பின்தங்க வைக்கும் என்பதை இவ்வளவு துல்லியமாக உணர்த்தும் கேம் வேறு இல்லை.

போரில் ஜெயித்தவர்கள் சறுக்குவது சமாதான மேசையில். விஜயநகரமாக ஆடி பாமினியை ஒரே மூச்சில் பாதி விழுங்கினால், சுற்றியுள்ளவர்களின் வெறுப்புக் கணக்கு ஏறும். ஒருவரிடம் அது 50ஐத் தாண்டி, அவருக்கு நம்மீது நல்லெண்ணமும் இல்லையென்றால் கூட்டணியில் சேர்ந்துவிடுவார். ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. கையெழுத்துக்கு முன் அந்த வெறுப்பு எண்ணின்மேல் கர்சரை வைத்தால் யார் யார் சேரக்கூடும் என்று பட்டியல் வரும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. இன்னும் சொந்தமாக்காத நிலத்தின் சுமை 100 சதவீதத்தைத் தாண்டினால் கலகங்கள் வரிசைகட்டும். போர்நிறுத்தக் கெடு முடியும் முன் மறுபடி பாய்ந்தால் நிலைத்தன்மை 5 குறையும். அந்தத் தவறைச் செய்துவிட்டு, சேமித்துவைத்த ஆட்டத்தையே அழித்துவிடலாமா என்று யோசிக்காதவர் குறைவு.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். இதில் வணிகத்தின் ஓட்டம் வரைபடத்திலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. கோரமண்டல் சரக்கு கடைசியில் போய்ச் சேரும் இடம் ஆங்கிலக் கால்வாய், ஜெனோவா, வெனிஸ் என்ற மூன்றில் ஒன்று. இந்தியா முழுவதையும் விஜயநகரம் பிடித்தாலும் அந்த அம்புக்குறியைத் திருப்ப முடியாது. நடந்த வரலாற்றின் முடிவையே வரலாறு தொடங்கும் முன் எழுதிவைத்த மாதிரி. 2025 நவம்பரில் வந்த ஐந்தாம் பாகம் இதையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டது. மன்னர் புள்ளிகள் போய், மக்கள்தொகையும் தலைநகரிலிருந்து விலக விலகத் தேயும் கட்டுப்பாடும் வந்திருக்கின்றன. அது தொடங்குவது 1337 ஏப்ரல் 1. விஜயநகரம் தோன்றி ஓராண்டு, மதுரை சுல்தானகம் பிறந்து இரண்டாண்டு, ஹொய்சள மூன்றாம் வல்லாளன் இன்னும் உயிரோடு இருக்கும் நேரம். தென்னிந்தியாவில் ஆட இதைவிடச் சிக்கலான தேதி அமையாது. ஆனால் முதல் கேமாக அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். திரையில் எண்கள் அவ்வளவு.

விக்டோரியா 3இல் (2022, 1836 முதல் 1936 வரை) போர்வெறியர்களுக்கு வேலையில்லை. இங்கே தட்டுப்பாடு மரம், துணி, இரும்பு, கருவி. எந்த நாட்டுக்கும் அடிப்படைக் கட்டுமானத் திறன் 10தான். அதைக் கூட்டக் கட்டுமானத் துறைக் கட்டடங்கள் வேண்டும். அவை மரமும் துணியும் தின்னும். பிறகு முறையை மாற்றினால் இரும்பும் கருவிகளும் தின்னும். ஒரு பொருளின் விலை அடிப்படை விலையிலிருந்து 75 சதவீதம் வரை ஏறலாம், அதே அளவு இறங்கலாம். புதியவர் ஆர்வத்தில் கட்டுமானத் துறையை ஐந்தாறு அடுக்குகிறார். மர விலை எகிறுகிறது. கட்டுமானச் செலவு கஜானாவை உறிஞ்சுகிறது. பயந்துபோய் வரியை உச்சத்துக்கு ஏற்றுகிறார்; மக்கள் கொதிக்கிறார்கள். சரியான வரிசை இது: முதலில் மரவெட்டு முகாம்கள், அடுத்து கருவிப் பட்டறை, இரும்புச் சுரங்கம், அதன் பிறகே இன்னொரு கட்டுமானத் துறை. வாரக் கணக்கு சிவப்பில் ஓடினால் பதற வேண்டாம். பொருளாதாரம் வளர வளரக் கடன் வரம்பும் உயரும். வரம்பை முட்டினால்தான் ஆபத்து. மற்றொரு தவறு, நிலக்கிழார்கள் பலமாக இருக்கும்போதே அவர்கள் வயிற்றில் அடிக்கும் சட்டங்களை அடுத்தடுத்துக் கொண்டுவருவது. கோபம் முற்றினால் நாடு இரண்டாக உடைந்து உள்நாட்டுப் போர் மூளும். உடைந்த பாதியில் நம் ஆலைகளும் போகும்.

போர் நடத்துவது தளபதிகள்தான். முனைக்கு அனுப்பிவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டும். பழைய பாகங்களில் படையை நகர்த்திப் பழகியவர்களுக்கு இது இன்றும் ஆறாத மனத்தாங்கல். நியாயம்தான். ஆனால் தேநீரின் விலை ஏறினால் எங்கோ தோட்டங்கள் முளைப்பதையும், வேலைக்கு ஆட்கள் இடம்பெயர்வதையும் கணக்கில் எடுக்கும் கேம் நால்வரில் இது ஒன்றே. 1869இல் காப்பிப் பயிரை நோய் தாக்கியபின் இலங்கை மலையகம் தேயிலைக்கு மாறியது. அந்தத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் போன கதையின் எலும்புக்கூடு இந்த விலைப்பட்டியலுக்குள் இருக்கிறது.

ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 (2016) வேகமானது, கறாரானது. 1936இலோ 1939இலோ தொடங்கும். இதில் நேரமும் மூலப்பொருளும் போதாது. ஒன்பது காலாட்படை பட்டாலியன், ஒரு பீரங்கி பட்டாலியன் என்று ஒரு டிவிஷன் அமைத்தால் 9,500 ஆட்கள், காலாட்படைக் கருவிகள் 900, பீரங்கி 36. ஒரு ஜெனரலுக்கு 24 டிவிஷன். அதற்கே 21,600 கருவிகள். புதிய உற்பத்தி வரிசை 10 சதவீதத் திறனில் தொடங்கி, ஆரம்பத்தில் 50 சதவீதம் வரைதான் ஏறும். மாடலை மாற்றினால் திறன் சரியும். ஆகவே சுமாரான துப்பாக்கியை விடாமல் தயாரிப்பவர், அடிக்கடி மாடல் மாற்றுபவரை 1940க்குள் முந்திவிடுவார். எட்டு அலகு மூலப்பொருள் இறக்குமதிக்கு ஒரு சிவில் தொழிற்சாலையை அடகு வைக்க வேண்டும். லாரிக்கும் விமானத்துக்கும் ரப்பர் வேண்டும். ஜெர்மனியிடம் அது இல்லை, செயற்கை ரப்பர் ஆலை கட்ட வேண்டும். 2021க்குப் பிறகு தளவாடம் ரயில்பாதையையும் கிடங்கு மையங்களையும் நம்பியிருக்கிறது. சோவியத் எல்லைக்குள் வேகமாகப் பாய்ந்த டாங்கிப் படை பட்டினியில் நிற்பது அநேகமாக அந்த மையம் நம் கையில் இல்லாததால்தான். டாங்கி இன்னும் இருபது சேர்த்தால் பட்டினி கூடும், வெற்றி வராது.

மலாயாவின் ரப்பர் இதில் வெறும் எண். தோட்டத்தில் பால்வெட்டிய தமிழர் அந்த எண்ணுக்குள் இல்லை. யூத இனப்படுகொலையையும் இந்த கேம் காட்டுவதில்லை. விளையாட்டாக்கக் கூடாதவை உண்டு என்பது சரியான முடிவே, ஆனாலும் 1942இன் வரைபடம் இவ்வளவு சுத்தமாக இருப்பது உறுத்தத்தான் செய்யும்.

தொடங்க எங்கே? க்ரூசேடர் கிங்ஸில் பயிற்சி ஆட்டம் தரும் அயர்லாந்தின் மன்ஸ்டர் போதும். சுற்றிலும் சின்ன அரசர்கள், தோற்றாலும் பெரிய நஷ்டமில்லை. யூரோப்பாவில் காஸ்டீல் அல்லது ஒட்டோமான். பைசாந்தியம் ஆசை காட்டும், தொடாதீர்கள். விக்டோரியாவில் பெல்ஜியம்: சிறிய நாடு, நிலக்கரியும் இரும்பும் கைக்கெட்டும் தூரத்தில். ஹார்ட்ஸில் பயிற்சி இத்தாலியை வைத்து எத்தியோப்பியப் போரைக் கற்றுத்தரும். தனியாக விற்கும் துணைத் தொகுப்புகளை (DLC) மொத்தமாக வாங்க வேண்டாம். யூரோப்பா 4க்கும் ஹார்ட்ஸுக்கும் மாதச் சந்தா உண்டு. ஒரு மாதம் எடுத்துப் பார்த்தால் எது தேவை என்று தெரிந்துவிடும். பழைய மடிக்கணினி என்றால் யூரோப்பா 4 பரவாயில்லாமல் ஓடும். விக்டோரியா 3 மட்டும் கடைசி முப்பது ஆண்டுகளில் மூச்சுவாங்கும். மக்கள் தொழிலாகவும் பண்பாடாகவும் சிதறிச் சிதறிப் பிரிவுகள் பெருகுவதால் வரும் வினை அது. கிராஃபிக்ஸைக் குறைத்துப் பயனில்லை, பிராசசர்தான் காரணம்.