கெமிக்கலே வேண்டாத குளம் என்று நம்பி ஏமாந்தோம்: பராமரிப்பு ஒப்பந்தம் போடுமுன் படியுங்கள்

அப்பாவுக்கு 71 வயது. முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்று தினமும் காலையில் அரை மணி நேரம் எங்கள் வீட்டுக் குளத்தில் இருப்பார். சில மாதங்களுக்கு முன் ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "இங்க பாரும்மா, தலை ஏன் பாசி பிடிச்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். தும்பைப்பூ மாதிரி இருந்த நரைமுடி நுனியெல்லாம் வெளிர்பச்சை.

அதற்கு 14 மாதங்கள் முன்புதான் குளம் கட்டி முடித்தோம். 50,000 லிட்டர், சிமென்ட் பூச்சு. குளோரின் வாடை வேண்டாம் என்பதால் காப்பர்-சில்வர் அயனைசர் (காப்பர், சில்வர் அயனிகளைத் தண்ணீரில் விட்டுக் கிருமியைக் கொல்லும் மின்கருவி) வைத்த நன்னீர்க் குளமாகப் போட்டோம். விற்றவர்களிடமே பராமரிப்பு ஒப்பந்தமும். "கெமிக்கல் எதுவும் போட மாட்டோம் மேடம், அயனைசரே தண்ணியைப் பார்த்துக்கும்" என்றார்கள். வாரம் ஒருமுறை ஆள் வருவார், வலையால் இலை எடுப்பார், ஃபில்டரை பேக்வாஷ் செய்வார், சுவரில் மாட்டிய அட்டையில் எண்கள் எழுதிவிட்டுப் போவார். பிஎச் 7.4, காரத்தன்மை (பிஎச் சட்டென்று மாறாமல் தாங்குவது) 100, கால்சியம் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சியத்தின் அளவு) 250. பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கும்.

எட்டாவது மாதத்திலேயே படிக்கட்டு உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. குழந்தைகளின் கால் விரலில் தோல் உரிந்தது. சொன்னதற்கு, "புதுப் பூச்சு அப்படித்தான் இருக்கும், போகப் போக சரியாயிடும்" என்றார்கள். புதுப் பூச்சில் சில மாதம் பிஎச் ஏறும் என்பது உண்மை. பூச்சு கரைந்து மணல் தெரிவது அந்தக் கணக்கில் வராது. அது எனக்கு அப்போது தெரியாது.

அப்பாவின் முடியைப் பார்த்த பிறகுதான் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்கினேன். தண்ணீர் வந்து விழும் குழாயிலிருந்து தள்ளி, முழங்கை ஆழத்தில் மாதிரி எடுத்தேன். நம்பாமல் மூன்று முறை திரும்பத் திரும்பச் செய்தேன். பிஎச் 6.9. காரத்தன்மை 50. கடினத்தன்மை 60. காப்பர் 1.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). இப்படிப்பட்ட அயனைசர் குளத்தில் 0.2 முதல் 0.4 வரை இருந்தால் போதும்.

எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மையே 40தான். யாராவது கால்சியம் குளோரைடு வாங்கிப் போட்டால் ஒழிய 250 வரவே வராது. அட்டையை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். அறுபது வாரமும் அதே மூன்று எண்கள். மழை கொட்டிய வாரத்திலும் அதே எண்கள்.

இதைவிட என்னை உலுக்கியது சயனூரிக் அமிலச் சோதனை. கிட்டில் இருந்ததே என்றுதான் செய்தேன். சோதனைக் குழாயின் அடியில் ஒரு கரும்புள்ளி இருக்கும், மருந்து கலந்து கலங்கிய நீரை ஊற்ற ஊற்ற அது எந்த அளவில் மறைகிறதோ அதுதான் எண். 110ல் மறைந்தது. சயனூரிக் அமிலம் வெயிலில் குளோரின் வீணாகாமல் காக்கப் போடுவது. குழாய்த் தண்ணீரில் கிடையாது, அயனைசரிலிருந்து வராது, தானாக உண்டாகாது. ட்ரைகுளோர் என்ற குளோரின் மாத்திரை போட்டால் சேரும், தண்ணீரை மாற்றினால் ஒழிய லேசில் குறையாது. 200 கிராம் மாத்திரை ஒன்று எங்கள் குளத்தில் ஏறக்குறைய 2 பிபிஎம் ஏற்றும். அப்படியானால் ஐம்பது மாத்திரைக்குக் குறையாமல் போட்டிருக்கிறார்கள். வாரம் ஒன்று. "கெமிக்கல் இல்லை" என்று எங்களிடம் தனியாகக் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டே!

ட்ரைகுளோர் அமிலத்தன்மை கொண்டது. காரத்தன்மையைத் தின்று பிஎச்சைக் கீழே இழுக்கும். கால்சியம் போதாத, அமிலமான தண்ணீர் தனக்கு வேண்டிய கால்சியத்தை சிமென்ட் பூச்சிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 1936ல் லாங்லியர் கொடுத்த கணக்குமுறை இதைத்தான் அளக்கிறது, -0.3க்கும் +0.3க்கும் நடுவில் இருக்க வேண்டும். எங்களுடையது -1.5க்கும் கீழே. காரத்தன்மை 50 என்று காட்டியதிலும் ஒரு பங்கு சயனூரிக் அமிலத்தால் வந்தது, அதைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். குளம் 14 மாதமாகத் தன் சுவரையே கரைத்துக்கொண்டிருந்தது. அயனைசர் முழு வேகத்தில் ஓடியதை யாரும் அளந்ததே இல்லை. அப்பாவின் முடி பச்சையானது அப்படிச் சேர்ந்த காப்பரால்தான்.

எண்களைச் சொல்லி போன் செய்தேன். மறுநாளே ஆள் வந்து பிஎச்சை ஏற்றும் சோடா ஆஷை ஒரு வாளி அப்படியே கொட்டிவிட்டுப் போனார். நான் வீட்டில் இல்லை. விடிந்து பார்த்தால் சுவரெல்லாம் நீலப்பச்சைத் திட்டு. கரைந்திருந்த அவ்வளவு காப்பரும், பிஎச் ஒரேயடியாக ஏறியதும் வெளியே வந்து பூச்சில் ஒட்டிக்கொண்டது. முதலில் அயனைசரை நிறுத்தி, தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்திருந்தால் இது நடந்திருக்காது. கேட்டால், "உங்க தண்ணியிலயே காப்பர் இருக்கு மேடம்." குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன். சுத்தமாக இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் என் போனை எடுப்பதில்லை.

நானே மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரை மாற்றினேன். ஒரேயடியாகக் காலி செய்துவிடாதீர்கள், நிலத்தடி நீர் மேலாக இருந்தால் குளத்தையே தூக்கிவிடும். காப்பர் உள்ள தண்ணீர் மீன்களுக்கு விஷம், ஓடையிலோ குளம் குட்டையிலோ விடக்கூடாது. பேக்கிங் சோடாவால் காரத்தன்மையை 90க்குக் கொண்டுவந்தேன். 1,000 லிட்டருக்கு 17 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். கால்சியம் குளோரைடு 13 கிலோ, நாலைந்து நாளில் பிரித்துப் போட்டேன். இப்போது திரவக் குளோரின் 2 பிபிஎம்மில் வைத்திருக்கிறேன். உலோக அயனிகள் கிருமியை மெதுவாகத்தான் கொல்லும், ஓசோன், யுவி (புற ஊதா ஒளி) முறைகளும் தொடர்ந்து கிருமியைக் கொல்லும் எதையும் தண்ணீரில் விட்டுவைப்பதில்லை, அதனால் கொஞ்சமாவது குளோரின் தேவை. அளவாக இருந்தால் வாடையே வராது.

ஒப்பந்தம் போடுகிறவர்கள், சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். காப்பர், சயனூரிக் அமிலம் இரண்டும் அட்டையில் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் நாளைக்கே சயனூரிக் அமிலத்தைப் பாருங்கள். கெமிக்கலே போடவில்லை என்கிறவர்களின் குளத்தில் அது பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

பூச்சை முழுதாகப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்று பார்த்தவர் சொல்லிவிட்டார். அப்பா முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார். அந்த அட்டையை இன்னும் எடுத்துவைத்திருக்கிறேன், புகாருடன் அதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.