மூன்று மணி நேரம், ஒரு சிவப்பு கார்

அப்பா தவறி ஒன்பது மாதத்தில் அவர் காரின் சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமச் சான்றிதழ், முடிந்தது. பத்து வருட வண்டி. புதுப்பிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்த்த தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஒப்படைக்கும் முன் வண்டியை நான்தான் காலி செய்தேன். டிஷ்யூ பாக்கெட், விபூதிப் பொட்டலம், பாதி தீர்ந்த பார்க்கிங் கூப்பன் கட்டு. பார்க்கிங் கட்டணத்துக்குக் கைப்பேசிச் செயலி வந்த பிறகும் அப்பா கூப்பனை விடவில்லை. வண்டி நிறுத்திய மணியையும் நிமிடத்தையும் கூப்பனில் நகத்தால் கிழித்து, அந்தத் துண்டுகளைக் கியர் பக்கத்துக் குழியில் போட்டு வைப்பார். அவையும் அப்படியே கிடந்தன.

அந்த வாரக் கடைசியில் சுவா சூ காங் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து 'டிரைவ் மை கார்' பார்த்தேன். ரியுசுகே ஹமாகுச்சி இயக்கி 2021இல் வந்த ஜப்பானியப் படம். சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. 179 நிமிடம் ஓடும். பெயர்கள் திரையில் வரவே நாற்பது நிமிடம் ஆகிறது. தயவுசெய்து எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியை வைத்துக்கொண்டு துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள்.

கஃபுகு ஒரு நாடகக்காரர். "இன்றைக்கு ராத்திரி பேச வேண்டும்" என்று காலையில் மனைவி சொல்கிறாள். அதைக் கேட்கப் பயந்து அவர் வேண்டுமென்றே தாமதமாக வீடு திரும்புகிறார். அதற்குள் அவள் இறந்து கிடக்கிறாள். ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் 'வான்யா மாமா' நாடக வசனங்களை அவள் ஒரு கேசட்டில் வாசித்து வைத்திருக்கிறாள், அவர் பேச வேண்டிய இடங்களை மட்டும் காலியாக விட்டு. இரண்டு வருடம் கழித்தும் சிவப்பு சாப் காரில் போகும்போதெல்லாம் அவள் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகிறார். அழவில்லை. எனக்கு அதுதான் உண்மையாகப் பட்டது. துக்கம் என்றால் ஒப்பாரிதான் என்று நம் படங்கள் பழக்கிவிட்டன. அன்றாட வேலையைச் செய்துகொண்டே உள்ளுக்குள் நொறுங்குவதை இவ்வளவு பொறுமையாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதே நாடகத்தை இயக்க அவர் ஹிரோஷிமா போகிறார். அங்கே அவருக்கு மிசாகி என்ற இளம்பெண் ஓட்டுநராக வருகிறாள். அவளுக்கும் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்று உண்டு. ஓர் இரவு, புகை வண்டிக்குள் வராமலிருக்க இருவரும் சிகரெட் பிடித்த கையைக் கூரைத் திறப்பு வழியாக மேலே நீட்டுகிறார்கள். இரண்டு கைகள், இரண்டு நெருப்புப் புள்ளிகள், பேச்சே இல்லை. படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம்.

குறை என்றால், பனி மூடிய ஹொக்கைடோ காட்சி. அந்த மௌனமே சொல்லிவிட்டதை அங்கே வாய்விட்டும் சொல்கிறார்கள். அந்த நாடகத்தில் நடிக்க வரும் இளம் நடிகன் தகாட்சுகியின் கதையையும் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

கஃபுகு இயக்கும் நாடகத்தில் ஒருவர் ஜப்பானியத்தில் கேட்க, இன்னொருவர் மாண்டரினில் பதில் சொல்வார். ஒரு பெண் கொரியச் சைகை மொழியில் நடிப்பாள். ரயிலில் நான்கு மொழி அறிவிப்புகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமே இல்லை. திரைக்கு அடியில் வரும் ஆங்கில எழுத்துகள் அம்மாவுக்கு வேகமாக ஓடியதால், நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி நாடகக் காட்சியில் அந்தப் பெண் பின்னாலிருந்து கஃபுகுவை அணைத்தபடி, அவர் முகத்துக்கு முன்னால் கைகளை அசைத்து, சோனியா என்ற பாத்திரத்தின் வசனத்தைச் சொல்கிறாள். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையைத் தொட்டு, "வேணாம்மா, புரியுது" என்றார்.

மறுநாள் காலை, காபி ஆற்றிக்கொண்டே, அந்தக் கூப்பன் கட்டை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.