சீல் பிரிக்காத டப்பாவில் வந்த பழைய கீபோர்டு போன்

பட்டன் கீபோர்டு வைத்த சின்ன ஸ்மார்ட்போன் எதையாவது குறைந்த விலையில் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? கைக்கு வந்த அன்றே ஒரு ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள், அதாவது எல்லாவற்றையும் அழித்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே போனைக் கொண்டுபோய்விடுங்கள். நான் அதைப் பதினோராம் நாள் செய்தேன். திருப்பி அனுப்பும் கெடு பத்து நாள்.

கண்ணாடியைத் தடவித் தடவி எழுதுவது எனக்கு என்றைக்குமே ஒத்துவந்ததில்லை. அதனால் 'புத்தம் புதியது, சீல் பிரிக்காதது, பழைய ஸ்டாக்' என்று ஒரு ஆன்லைன் விளம்பரத்தைப் பார்த்ததும் மனம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. இவ்வகைப் போன்களைத் தயாரிப்பவர்களே அபூர்வம் என்பதால், 'பழைய ஸ்டாக்' என்ற சொல் சந்தேகத்தையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது. வந்த டப்பாவில் பிளாஸ்டிக் உறை இருந்தது, திரைமேல் படலம் இருந்தது, சார்ஜர் ஒயர்கூட முறுக்குக் கலையாமல் இருந்தது.

முதல் பத்து நாளும் தேன்நிலவுதான். திரை மூன்றரை அங்குலம், சட்டைப் பையில் வைத்தால் இருப்பதே தெரியாது. எழுதும்போது கீபோர்டு வந்து திரையின் பாதியை மறைப்பதில்லை. ஈரக் கையிலும் எழுத முடிகிறது. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரு ஆப் திறக்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் கட்டைவிரல்களுக்கு இடம் பழகிவிட்டது, பார்க்காமலேயே குறுஞ்செய்தி அடித்தேன்.

பிறகு போன் திணற ஆரம்பித்தது. பேட்டரி மதியத்துக்குள் காலியானது. சரி, ரீசெட் செய்து பார்ப்போம் என்று செய்தேன். திரும்பி எழுந்த போன் எனக்குப் பிரெஞ்சில் 'பான்ஜூர்' என்று வணக்கம் சொன்னது.

மொழியை மாற்றிவிட்டு வைஃபை கடவுச்சொல்லை அடித்தேன், ஏற்கவில்லை. மூன்றாவது முறைதான் கவனித்தேன்: ஏ-வை அழுத்தினால் க்யூ விழுகிறது, இசட்டை அழுத்தினால் டபிள்யூ. பிரெஞ்சுக் கீபோர்டுகளில் இந்த எழுத்துகள் அப்படித்தான் இடம் மாறியிருக்கும். ஆக, பிரெஞ்சுச் சந்தைக்காகச் செய்த போன் இது. யாரோ பயன்படுத்தி முடித்ததும், மேலே இருந்த கீபோர்டைக் கழற்றி ஆங்கிலக் கீபோர்டைப் பொருத்தி, செட்டிங்கில் அமைப்பை மாற்றி என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ரீசெட் அந்த ஒப்பனையைக் கலைத்துவிட்டது.

அப்புறம்தான் *#06# அடித்துப் பார்த்தேன். திரையில் வந்த 15 இலக்க ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்) வேறு, டப்பாவில் ஒட்டியிருந்த எண் வேறு. முதல் நாளே ஒரு நிமிடத்தில் பார்த்திருக்கலாம். பிளாஸ்டிக் உறையை மறுபடி சுற்றித் தர ஒரு சின்ன இயந்திரம் போதும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

விற்றவரிடமிருந்து இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "கீபோர்டு நன்றாகத்தானே வேலை செய்கிறது சார், செட்டிங்கில் மாற்றிக்கொள்ளுங்கள்." ஐஎம்இஐ எண் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

நேர்மையான போனாகவே வந்திருந்தாலும் சில தொல்லைகள் இருந்திருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். திரை சதுரம். சாதாரண 16:9 வீடியோ அதில் பாதிக்குச் சற்று மேல்தான் நிரப்பும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை. சில ஆப்களில் 'தொடர்க' பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். வங்கி ஆப்பில் ஓடிபி போட்டுவிட்டு அந்தப் பொத்தானைத் தேடுவது தனிக் கலை. கேமரா, ரசீதைப் படம் எடுக்கப் போதும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறைக்கு 31 எழுத்து விசைகள் தேவை. இந்தக் குட்டிக் கீபோர்டில் எழுத்துப் பட்டன்கள் 26தான். கணினியில் நிறுத்தக்குறி விசைகளில் உட்கார்ந்திருக்கும் ச, ஞ, ந, ய, ழ ஐந்துக்கும் இங்கே நேரடி இடம் கிடையாது. தமிழ் என்று எழுதவே ழ-வைத் தேடி ஆல்ட் பக்கம் போக வேண்டும்! ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறைதான் வழி. அதற்கும் பரிந்துரைப் பட்டை ஒன்று வந்து சின்னத் திரையில் ஒரு வரியைத் தின்றுவிடும்.

இதே விளம்பரப் பக்கங்களில் பிளாக்பெர்ரி க்யூ10, கிளாசிக் போன்ற மாடல்களும் 'எல்லாம் வேலை செய்யும்' என்று வருகின்றன. நம்பாதீர்கள். அவற்றில் ஓடும் பிளாக்பெர்ரி 10 மென்பொருளில் வாட்ஸ்அப் 2017 முடிவோடு நின்றது. அந்த மென்பொருளுக்கும் அதற்கு முந்தையவற்றுக்குமான சேவைகளை 2022 ஜனவரி 4 அன்று நிறுவனமே நிறுத்திவிட்டது. அழைப்பு, குறுஞ்செய்தி, டேட்டா எதற்கும் உத்தரவாதமில்லை என்று முன்கூட்டியே அறிவித்தும் இருந்தது. ஆண்ட்ராய்டில் ஓடும் கீபோர்டு மாடல்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் 4ஜியில் குரல் அழைப்பு உங்கள் சிம்மில் போகிறதா என்று கெடுவுக்குள் அழைத்துப் பாருங்கள். எல்லாப் பட்டனையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், உதிரிப் பட்டன் பிறகு தேடினாலும் கிடைக்காது.

பணம் இன்னும் திரும்பவில்லை. செட்டிங்கை மாற்றிவிட்டு அந்தப் போனையே வைத்திருக்கிறேன்; இந்தப் பதிவின் முதல் பாதியை அதில்தான் அடித்தேன். போன வாரம் ஏ பட்டன் உள்ளே போனது, வெளியே வரவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவருக்கு ஏ இல்லாமல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மீதியைக் கண்ணாடியில் தடவித்தான் எழுதி முடித்தேன்.