கொசுறு புது ஆளுக்கு மட்டும்: நாலு வருட பிராட்பேண்ட் அனுபவம்

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கோயம்புத்தூர்த் தம்பி, "அண்ணா, மேல நீங்க எந்த நெட் வெச்சிருக்கீங்க? நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார். "தங்கமான லைன், கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்றேன். போட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்துப் படிக்கட்டில் பார்த்தபோது, "ரொம்ப தேங்க்ஸுங்ணா, மாசம் 27 பவுண்ட்தான்" என்றார்.

நான் எவ்வளவு கட்டுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை. மேலே வந்து வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். 50 பவுண்ட் 51 பென்ஸ்.

அதே நிறுவனம், அதே 150 எம்பி வேகம், ஒரே கம்பத்திலிருந்து இறங்கும் இரண்டு கம்பிகள். ஒன்று லண்டன் ஈஸ்ட் ஹாமின் இந்தப் பழைய வீட்டுக்குக் கீழே போகிறது, இன்னொன்று மேலே. மேலே இருப்பவன் நாலு வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் பணம் கட்டியவன், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். லைனைப் பற்றி ஒரு குறையும் கிடையாது. 2021 அக்டோபரில் ஃபைபர் இழுத்தார்கள். அன்று சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை. தெருவில் யாரோ எதற்கோ தோண்டினார்கள், மறுநாளே சரியாகிவிட்டது. ரூட்டர் அதைவிட அருமை. எங்கள் அடுக்களை பின்பக்கம் நீட்டிக் கட்டியது. நடுவில் இரண்டு செங்கல் சுவர். அதையும் தாண்டி வைஃபை வந்தது. மனைவி சாம்பாரைக் கிண்டியபடியே ஊருக்கு வீடியோ காலில் பேசுவது அந்த ரூட்டரின் புண்ணியம்.

சரி, இப்போது கணக்கு. சேர்ந்தபோது 28 பவுண்ட், 24 மாத ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் விலை நிற்கும் என்று நினைத்தேன். நிற்காது. டிசம்பர் மாதப் பணவீக்கம் எவ்வளவோ அதோடு 3.9 சதவீதம் சேர்த்து ஏப்ரலில் ஏற்றுவோம் என்று சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. 2022-இல் 9.3 சதவீதம். 2023-இல் 14.4, விலைவாசி தலைவிரித்தாடிய வருடம் அது. 28 என்பது 35 ஆனது. அந்த அக்டோபரில் ஒப்பந்தம் முடிந்து "வழக்கமான விலை" என்று 44-க்குத் தாவியது. யாருக்கு வழக்கம் என்று இன்னும் புரியவில்லை. அதன்மேல் 2024-இல் 7.9 சதவீதம், 2025-இல் 6.4. இப்படித்தான் 50.51. கூட்டிப் பார்த்தால் கீழ்வீட்டைவிட வருடத்துக்கு 282 பவுண்ட் அதிகம்.

எனக்குச் சொல்லவே இல்லை என்று கத்தலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாளுக்கு முன் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும், புது ஆளுக்கு என்ன விலை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் 2020 பிப்ரவரியிலிருந்தே விதி வைத்திருக்கிறது. தேடினேன். 2023 செப்டம்பரில் மின்னஞ்சல் வந்திருக்கிறது. விளம்பர மெயில்களுக்கு நடுவே, திறக்காமலே கிடந்தது. அதற்கு அடுத்த வருடமும் ஒன்று. அதையும் நான் திறக்கவில்லை. தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் திறக்க மாட்டேன் என்பதை நம்பித்தானே அந்த 44 பவுண்டே இருக்கிறது?

இதற்கு இங்கே பெயரே உண்டு, விசுவாசத்துக்கு அபராதம். 2018-இல் பொதுமக்களுக்கு இலவச ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு பிராட்பேண்ட், மொபைல், வீட்டுக் காப்பீடு, வீட்டுக்கடன், சேமிப்பு ஆகிய ஐந்தையும் சேர்த்து, பழைய வாடிக்கையாளர்கள் வருடத்துக்கு 410 கோடி பவுண்ட் அதிகம் கட்டுகிறார்கள் என்று போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. காப்பீட்டுக்கு விடிவு வந்தது. 2022 ஜனவரியிலிருந்து வீடு, கார் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது புது ஆளிடம் கேட்பதைவிட அதிகம் கேட்கக் கூடாது. பிராட்பேண்டுக்கோ "தெரிவித்தால் போதும்". நம் ஊர் மளிகைக் கடையில் வாடிக்கையாக வருகிறவருக்குத்தான் கொஞ்சம் கறிவேப்பிலை கொசுறு. இங்கே கொசுறு வழிப்போக்கனுக்கு.

போன் செய்தேன். "விலக நினைக்கிறீர்களா? எண் 4" என்றது. 4-ஐ அழுத்திய பிறகுதான் எல்லோருக்கும் என் பெயர் தெரிந்தது. நாற்பது நிமிட இசைக்குப் பிறகு பேசிய பெண் மிக இனிமையாக 38 என்றார். புது ஆளுக்கு 27 ஆயிற்றே என்றேன். "அது புதியவர்களுக்கு." நானும் ஒரு காலத்தில் புதியவன்தானே என்றேன். சிரித்தார். 33-க்கு இறங்கினார், அதற்குக் கீழே அவர் திரையில் ஒன்றும் இல்லையாம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 33 மோசமான விலையும் இல்லை. ஆனால் கீழே தம்பி 27-க்கு வைத்திருக்கும்போது மேலே நான் 33-க்குக் கையெழுத்துப் போட மனசு வரவில்லை.

அன்று இரவே வேறொரு நிறுவனத்தில் 25 பவுண்டுக்குப் பதிவு செய்தேன். 2024 செப்டம்பரிலிருந்து பழைய நிறுவனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. புது நிறுவனத்திடம் சொன்னால் போதும், மாற்றுவது அவர்கள் பொறுப்பு. இரண்டு நிறுவனத்துக்கும் கம்பி, தெருவெல்லாம் கம்பி இழுக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்துடையதுதான். அதே ஃபைபர், சுவரில் அதே பெட்டி, அதே பச்சை விளக்கு. மாறியது ரூட்டரும் பில்லில் இருக்கும் பெயரும் மட்டும். பழைய ரூட்டரைத் திருப்பி அனுப்ப அவர்களே பை அனுப்பினார்கள். தபாலில் சேர்த்துவிட்டு வந்தபோது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

அப்புறம், வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: நான் விட்டுவந்த அந்த நிறுவனத்தையே வாங்குங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். 24-ஆம் மாதத்தை மட்டும் தினசரி காலண்டரில் குறித்து வையுங்கள். இப்போதைய ஒப்பந்தங்களில் ஏப்ரல் ஏற்றத்தைப் பவுண்ட் கணக்கில் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் திரும்பிப் போவேனா? போக மாட்டேன். போனாலும் புது ஆளாகத்தான்.

புது ரூட்டர் இரண்டு சுவரைத் தாண்டவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாமியார் பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் 25 பவுண்ட் ஒன்றுமே இல்லை. போனில் வைஃபை பட்டியலைத் திறந்தேன். அடுக்களையில் முழு வலுவோடு ஒன்று தெரிந்தது, கீழ்வீட்டுத் தம்பியுடையது.

இறங்கிப் போய்க் கேட்டேன். "அதுக்கென்னங்ணா, நீங்க சொல்லித்தானே போட்டேன்" என்று பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தார்.